தட்டிப் பார்க்காமல் வாங்குகிற பழம்

பண்ருட்டிக்காரர்களிடம் மட்டமான பலாப்பழத்தைத் தள்ளிவிட முடியாது. சீசனில் மண்டிப் பக்கம் போய் நின்று பாருங்கள். முள் விரிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், காம்பைப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள். அப்புறம் ஒரு தட்டு. அந்தச் சத்தத்தை வைத்தே உள்ளே சுளையா, சக்கையா என்று சொல்லிவிடுகிற மகானுபாவர்கள் அங்கே உண்டு. ஒரு பழத்துக்கு இவ்வளவு பரீட்சை.

அதே மனுஷர், மகனை லண்டனுக்கு அனுப்ப முப்பது லட்சம் புரட்டும்போது எதையும் தட்டிப் பார்ப்பதில்லை. ஏசி போட்ட ஓர் அறை. சுவரில் பிக் பென் படம். டை கட்டிய ஒரு பையன், "அங்கிள், பார்ட் டைம் பார்த்தே ஃபீஸைக் கட்டிடலாம்" என்கிறான். அங்கிள் தலையாட்டிவிட்டு வருகிறார்.

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தட்டிப் பார்ப்போம். நான் பி.காம். படித்தவன். எந்த ஊர் பணமாக இருந்தாலும் வரவு-செலவு எழுதிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

பிரிட்டனில் பட்டம் படிக்கப் போகிற வெளிநாட்டு மாணவர், வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். 2025 ஏப்ரலில் அங்கே அமலுக்கு வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. பெருக்குங்கள். வாரத்துக்கு 244 பவுண்டு. வருஷம் முழுக்க ஒரு நாள்கூடக் காய்ச்சல், பரீட்சை என்று லீவு போடாமல் பார்த்தாலும், மாதம் 1,058 பவுண்டு. சரி, செலவு? நான் சொல்லவில்லை, விசா கொடுக்கிற அரசாங்கமே சொல்கிறது: 2025 ஜனவரிக் கணக்குப்படி, லண்டனுக்கு வெளியே இருக்கிற மாணவர் கையில் மாதத்துக்கு 1,136 பவுண்டு காட்ட வேண்டும். லண்டன் என்றால் 1,483. இது சோறு, வாடகை, பஸ்ஸுக்கு மட்டும். படிப்புக் கட்டணம் தனி.

ஆக, சட்டப்படி உழைக்க முடிந்த கடைசி மணி வரை உழைத்தாலும் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே துண்டு விழுகிறது. விடுமுறையில் முழுநேரமும் பார்க்கலாமே என்பீர்கள். ஒரு வருஷ முதுகலைப் படிப்பில் கோடைக்காலம் ஆய்வேடு எழுதும் காலம், அதை விடுமுறையில் சேர்க்க மாட்டார்கள். மிச்சம் கிறிஸ்துமஸும் ஈஸ்டரும். இதில் ஃபீஸ் எங்கே கட்டுவது?

அப்புறம் என்ன செய்கிறான் பையன்? இருபத்தோராவது மணி நேரத்தைத் தேடுகிறான். அது கணக்கில் வராத வேலை. கையில் காசு, ரசீது கிடையாது. கூலி பாதி. முதலாளிக்குத் தெரியும், இவன் போலீசுக்குப் போனால் முதலில் போவது இவன் விசாதான் என்று. அந்த முதலாளி பல இடங்களில் வெள்ளைக்காரர்கூட இல்லை. "நம்ம ஊர்ப் பையன்" என்று தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போகிற நம்மாள்தான்.

ராத்திரி வேலை முடிந்து விடிகாலை ஆறு மணிக்கு அவன் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, குளிர்காலத்தில் பண்ருட்டியில் மணி பதினொன்றரை. அம்மா போன் பண்ணுகிறாள். "சாப்டியாப்பா?" "சாப்டேம்மா." ஒரே அறையில் மூன்று பேர், கட்டிலுக்கு முறை வைத்துத் தூங்குகிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வராது. பனியில் நின்று எடுத்த போட்டோ மட்டும் வரும். அதைச் சித்தி, மாமா எல்லோருக்கும் அனுப்பிவைப்போம். அந்தப் போட்டோவைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு அதே ஏசி அறைக்குப் போவார்.

வெளிநாட்டுப் படிப்புக்கு நம்மிடம் ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1914-ல் கேம்பிரிட்ஜ் போன ராமானுஜன். பண்ருட்டியிலிருந்து அதிக தூரமில்லாத திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயரிடம் நோட்டுப் புத்தகத்தோடு போய் வேலை கேட்டவர். கடன் வாங்கி அவர் கப்பல் ஏறவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுண்டு கொடுத்தது. அழைத்தவரோ ஹார்டி. அப்பேர்ப்பட்டவர் ராத்திரியில் குளிரில் விறைத்துப்போய், ஓவர்கோட்டோடு, சால்வையைப் போர்த்திக்கொண்டு போர்வைகளுக்கு மேலே படுத்திருக்கிறார். கட்டிலில் செருகியிருக்கிற போர்வைகளை விலக்கி அதற்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கூடப் படித்த மகலனோபிஸ் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். தன் சமையலைத் தானே செய்து, போர்க்காலத்தில் காய்கறிக்கு அலைந்து, 1917-ல் நோயில் விழுந்து, 1919-ல் திரும்பி, 1920-ல் 32 வயதில் போய்விட்டார்.

நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் போர்வையைப் பற்றி இன்றைக்கும் யாரும் சொல்லித்தருவதில்லை. விசாவுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் மனப்பாடம் பண்ணவைக்கிறோம்.

சரி, அந்த டை கட்டிய பையன் ஏன் உண்மையைச் சொல்வதில்லை? அவன்மேல் எனக்குக் கோபமில்லை. "எங்க சர்வீஸ் ஃப்ரீ சார்" என்கிறார்களே, அந்த ஏசிக்கு கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள் என்று யோசித்தீர்களா? பல்கலைக்கழகம் கட்டுகிறது. நீங்கள் கொடுக்கும் முதல் வருஷக் கட்டணத்தில் ஒரு பங்கு கமிஷனாகத் திரும்பி வருகிறது. மண்டிக்குப் பழம் கொண்டுபோகிறவருக்கு இது புதுசா? ஆனால், மண்டியில் கமிஷனைச் சீட்டில் எழுதிக் கழிப்பார்கள். இங்கே சீட்டே கிடையாது. எந்தக் கல்லூரி கூடுதல் கமிஷன் தருகிறதோ, அதுதான் "உங்க பையனுக்கு ஏத்த காலேஜ்". மண்டியில் நீங்கள் பழத்துக்குச் சொந்தக்காரர். இங்கே உங்கள் பையன்தான் பழம்.

அமெரிக்காவில் டிரை-வேலி என்று ஒரு பல்கலைக்கழகம். 2011 ஜனவரியில் ரெய்டு போனபோது, பாதிக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஆவணத்தில் ஒரே அபார்ட்மென்ட்தான் முகவரி. பெரும்பாலும் ஆந்திரப் பிள்ளைகள். சிலருடைய கணுக்காலில், ஆட்டுக்கு மணி கட்டுகிற மாதிரி, கண்காணிப்புக் கருவியை மாட்டினார்கள். நடத்திய அம்மணிக்கு 2014-ல் 16 வருஷச் சிறை. பிள்ளைகளின் பணம்? அது போனது போனதுதான். 2019-ல் ஃபார்மிங்டன் விவகாரம் இன்னும் விசேஷம். அந்தப் பல்கலைக்கழகத்தை நடத்தியதே அமெரிக்க அரசாங்கம், பொறி வைத்துப் பிடிப்பதற்காக.

வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று 1983-ல் குடிபெயர்வுச் சட்டம் போட்டார்கள். படிக்க அனுப்புகிறவரை அந்தச் சட்டம் தொடவில்லை. கொத்தனாரை துபாய்க்கு அனுப்ப லைசென்ஸ், மாணவனை லண்டனுக்கு அனுப்ப ஒரு போர்டு போதும்! பஞ்சாபில் ஊர் ஊராக அடிபட்டு, 2012-ல் இவர்களையும் சேர்த்துக் கட்டுப்படுத்த ஒரு மாநிலச் சட்டம் கொண்டுவந்தார்கள். நாமும் ஊர் ஊராக அடிபடும்வரை காத்திருக்க வேண்டுமா?

கடன் கதைக்கு வருவோம். அரசு வங்கிகளின் வழக்கமான திட்டத்தில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்தை அடமானம் வைக்கச் சொல்வார்கள். விவசாய நிலம் என்றால் வங்கிகள் பெரும்பாலும் தயங்கும். கடன் நின்றுபோனால் அதை ஜப்தி செய்ய 2002 சர்ஃபேசி சட்டம் இடம் தருவதில்லை. அதனால் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது, தோப்பு விலைக்குப் போகிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இந்தப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது ஞாபகம் இருக்கிறதா? மறுபடி கன்று வைத்து, வருஷக்கணக்காகத் தண்ணீர் ஊற்றி, காய்க்க வைத்த தோப்பு அது.

முப்பது லட்சத்துக்குப் பதினோரு சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி மட்டும் மாதம் 27,500 ரூபாய். தவணைதான் படிப்பு முடிந்த பிறகு. வட்டி முதல் நாளே ஓட ஆரம்பித்துவிடும். படித்து முடித்து அங்கேயே வேலை பார்க்கலாமே? 2012-ல் அந்த விசாவை மூடினார்கள், 2021-ல் திறந்தார்கள், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு இரண்டு வருஷத்தை ஒன்றரையாகக் குறைப்பதாக 2025-ல் அறிவித்தார்கள். அவர்கள் நாடு, அவர்கள் சட்டம். நம் பத்திரம்தான் வங்கியில் இருக்கிறது.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல கல்லூரி, உதவித்தொகை, கணக்குப் பார்த்த துணிச்சல் எல்லாம் இருந்தால் தாராளமாகப் போகட்டும். ஆனால், அடுத்த முறை அந்த ஏசி அறையில் உட்கார்ந்ததும் ஒன்று கேளுங்கள்: "தம்பி, இந்தக் காலேஜ் உங்களுக்கு எவ்வளவு தருது?" பையன் மேனேஜரைப் பார்ப்பான். மேனேஜர் டீ சொல்வார். டீயைக் குடித்துவிட்டு, மறுபடியும் அதையே கேளுங்கள்.