பெட்டி மேல் உள்ள எண்ணா, வாடிக்கையாளர் காதா?



மாத்தூர், மணலி, திருவொற்றியூர் பகுதிகளில் செல்போன் உதிரிச் சாமான் கடை வைத்திருக்கும் உறுப்பினர்களும், அவர்களுக்குச் சரக்கு தரும் மொத்த வியாபாரிகளும் ஒரு பொருளைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டும். செல்போனின் டைப்-சி துளையில் மாட்டி, ஹெட்போனில் பாட்டுக் கேட்க உதவும் சிறு கருவிதான் அது. சிலர் கன்வெர்ட்டர் என்கிறார்கள், சிலர் டாங்கிள் என்கிறார்கள். விவரம் தெரிந்த இளைஞர்கள் 'டாக்' என்று கேட்டு வருகிறார்கள்.

செல்போனில் பாட்டு எண்களாகப் பதிந்திருக்கிறது. காதுக்கு எண் கேட்காது, ஒலி அலைதான் கேட்கும். எண்ணை அலையாக மாற்றுவது டாக். அந்த அலைக்கு ஹெட்போனை இயக்கும் பலம் கொடுப்பது ஆம்ப்ளிபையர். முன்பு இரண்டும் போனுக்குள்ளேயே இருந்தன. 2016-ல் ஐபோன் 7 வந்தபோது ஹெட்போன் துளை எடுக்கப்பட்டது. பிறகு பல கம்பெனிகளும் அதே வழியில் போயின. போனை விட்டு வெளியே வந்த அந்த வேலை இன்று தனிச் சரக்காக நம் கடைக்கு வந்துவிட்டது. கட்டைவிரல் அளவுள்ளது சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, பேட்டரியோடு கூடிய பெட்டி பல ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது.

விலையில் இத்தனை வித்தியாசம் இருக்கும் பொருளை நாம் எப்படி விற்கிறோம்? பெட்டியில் '32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ்' என்று அச்சிட்டிருப்பதைக் காட்டித்தான் பெரும்பாலும் விற்கிறோம். 1982-ல் விற்பனைக்கு வந்த சி.டி.யின் கணக்கு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காது கேட்கும் எல்லை சுமார் 20 கிலோஹெர்ட்ஸ். அதற்கு அந்தக் கணக்கே போதும். எண் பெரிதாக இருப்பதால் மட்டும் பாட்டு இனிமையாகிவிடாது. எண்ணை விற்பதை விட்டு, மூன்று கேள்விகள் கேட்டு விற்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதல் கேள்வி: ஒயர் ஹெட்போனா, புளூடூத்தா? புளூடூத் ஹெட்செட்டுக்குள் டாக்கும் ஆம்ப்ளிபையரும் ஏற்கெனவே இருக்கின்றன. போனில் மாட்டும் கருவியால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. 'உங்களுக்கு இது வேண்டாம்' என்று சொல்லிவிடுவதே முறை.

இரண்டாவது கேள்வி: எந்த போன்? மலிவு கன்வெர்ட்டர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் வெறும் ஒயர் இணைப்பு மட்டுமே இருக்கும். போனே டைப்-சி வழியாக ஒலி அலையைத் தந்தால்தான் அது பாடும். மற்றொன்றில் டாக் சிப் இருக்கும். 2023-ல் டைப்-சி துளையோடு வந்த ஐபோன் 15-க்குச் சிப் உள்ளதுதான் வேண்டும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கடையில் உள்ள கம்ப்யூட்டரின் டைப்-சி துளையில் மாட்டிப் பாருங்கள். சிப் உள்ளதைப் புதிய ஒலிச் சாதனம் என்று கம்ப்யூட்டர் காட்டும். ஒயர் மட்டும் உள்ளதைக் காட்டாது. சில போன்களில் செட்டிங்கில் ஓ.டி.ஜி.யை ஆன் செய்த பிறகே கருவி வேலை செய்யும். இது தெரியாமல் 'பழுது' என்று திரும்பி வருகிற சரக்கும் உண்டு.

மூன்றாவது கேள்வி: எந்த ஹெட்போன்? சாதாரண இயர்போன்கள் 16 அல்லது 32 ஓம். ஒரு வோல்ட் தரும் சிறு டாங்கிள், 32 ஓம் இயர்போனுக்குச் சுமார் 31 மில்லிவாட் கொடுக்கும். அது தாராளம். அதே டாங்கிள், சென்ஹைசர் எச்.டி. 600 போன்ற 300 ஓம் ஹெட்போனுக்குச் சுமார் 3 மில்லிவாட்தான் கொடுக்கும். இப்படிப்பட்ட ஹெட்போன் வைத்திருப்பவருக்கே பெரிய ஆம்ப்ளிபையர் தேவைப்படலாம். பெட்டியில் மில்லிவாட் போட்டிருந்தால் எத்தனை ஓமுக்கு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

'கேட்டதைக் கொடுப்போம், விற்றால் லாபம், நமக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி?' என்று சில நண்பர்கள் கேட்கலாம். அன்றைய கல்லாவுக்கு அது சரி. ஆனால் மணலி தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வரும் தொழிலாளி ஒரு நாள் கூலியைக் கொடுத்து வாங்கிய பொருள் பாடாவிட்டால், அடுத்த முறை சார்ஜர் வாங்கக்கூட நம் படி ஏறமாட்டார். விலையில் ஆன்லைன் கம்பெனிகளோடு நாம் மல்லுக்கட்ட முடியாது. அவரவர் போனில், அவரவர் ஹெட்போனில் போட்டுக் காட்டிக் கொடுப்பது நம்மால் மட்டுமே முடியும். 1969-ல் தொடங்கிய பர்மா பஜாரிலும், ரிச்சி தெருவிலும் சாமான் வாங்கியவர்கள் 'போட்டுக் காட்டுங்க' என்றுதான் கேட்டார்கள். அந்த வழக்கத்தை நாம் கைவிடக் கூடாது.

போட்டுக் காட்டுவதிலும் நேர்மை வேண்டும். சத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தாலே காது அதை 'நல்ல ஒலி' என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு கருவிகளையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்துக் காட்டுங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்று அவர் சொன்னால் விலை குறைந்ததையே கொடுங்கள். சத்தம் 80 டெசிபலுக்குள் வாரம் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு அளவு. ஆம்ப்ளிபையர் விற்பவர் இதையும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது புண்ணியம்.

அடுத்து பில். இறக்குமதிச் சரக்கின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, தயாரான நாடு ஆகியவை இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதி. பேட்டரி உள்ள கருவி என்றால் பேட்டரிக்கு பி.ஐ.எஸ். பதிவு உண்டா என்று கேளுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தயாரித்தவர் யார் என்றே தெரியாத பொருளால் வாடிக்கையாளருக்குத் தீங்கு நேர்ந்தால், விற்றவரே பொறுப்பேற்க நேரும். பில் இல்லாத சரக்கில் மிச்சமாகும் பத்து ரூபாய்க்கு இந்த ஆபத்து தேவைதானா?

மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சரக்கு அனுப்பும்போது, சிப் உள்ளதா இல்லையா என்பதைப் பில்லில் தெளிவாக எழுதுங்கள். எந்தெந்த போனுக்குப் பொருந்தும் என்ற பட்டியலும், கடையில் போட்டுக் காட்ட ஒரு சாம்பிளும் கொடுங்கள். வேலை செய்யாததை மாற்றித் தரக் காலக்கெடு சொல்லுங்கள். சில்லறைக் கடைக்காரரின் சிறு முதல் அலமாரியில் முடங்கிவிட்டால், அடுத்த ஆர்டர் உங்களுக்கும் வராது.

உறுப்பினர்கள் விலையுயர்ந்த ரகத்தில் ஒன்றிரண்டும், சிப் உள்ள சிறிய ரகத்தில் போதுமான அளவும் வைத்துக்கொண்டால் போதும். தேவை இல்லாதவரிடம் 'வேண்டாம்' என்று சொல்லும் கடைக்குத்தான், தேவை வரும்போது அவர் தேடி வருவார்.