வெற்றுத் தாளும் ஒரு சொல்லும்



உங்கள் இல்லத்து அலமாரியைச் சற்றே துழாவிப் பாருங்கள். பாடப் புத்தகங்களுக்கு அடியில் ஓர் ஓவிய ஏடு கிடக்கும். விடுமுறையில் பிள்ளை ஆசையோடு கேட்டதற்காக வாங்கிக் கொடுத்தது. முதல் நான்கு பக்கங்களில் இரு மலைகள், நடுவே உதிக்கும் சூரியன், தென்னை மரம், ஓட்டு வீடு. ஐந்தாம் பக்கத்தில் பாதியில் நின்றுவிட்ட ரோஜா. அதன் பின் ஏடு முழுவதும் வெண்மைதான். "பிள்ளைக்கு நாட்டம் போய்விட்டது" என்று நாம் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். பெரும்பாலும் நாட்டம் போவதில்லை. அடுத்து எதை வரைவது என்று தெரியாமலேயே அந்தக் கை நின்று போகிறது.

எதை வேண்டுமானாலும் வரையலாம் என்னும் சுதந்திரம், பழகாத கைக்குப் பெரும் பாரம். தலைப்பே கொடுக்காமல் ஒருவரை மேடையேற்றிப் பேசச் சொன்னால் நா எழுமா? ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டால் பேச்சு தானாக ஊறும். ஓவியத்துக்கும் இது பொருந்தும்.

இந்த உண்மையை உலகறியச் செய்த முயற்சி ஒன்று உண்டு. அமெரிக்க ஓவியரான ஜேக் பார்க்கர், மையால் வரையும் தம் திறனைக் கூர்மைப்படுத்திக் கொள்வதற்காக 2009ஆம் ஆண்டில் தமக்குத் தாமே ஒரு நிபந்தனை விதித்துக் கொண்டார். அக்டோபர் மாதத்தின் 31 நாட்களிலும் நாளுக்கொரு மைச்சித்திரம் வரைவது, வரைந்ததைப் பிறர் பார்வைக்கு வைப்பது என்பதே அது. 'இங்க்டோபர்' என்று பெயர் பெற்ற அம்முயற்சியில் 2016 முதல் நாளுக்கொரு சொல் என்ற பட்டியலும் சேர்ந்தது. பல நாடுகளிலும் எண்ணற்றோர் அதைப் பின்பற்றி வரைகின்றனர். ஒரே சொல்லுக்கு ஆயிரம் கைகள் ஆயிரம் விதமாக விடை கூறுவதே அதன் சுவை. 'சாவி' என்றால் ஒருவர் துருப்பிடித்த சாவிக் கொத்தை வரைவார். மற்றொருவர் சாவித்துளை வழியே தெரியும் ஒளிக்கீற்றை வரைவார்.

நம் இல்லங்களுக்கு நாளுக்கொரு படம் இயலாத காரியம். மாதம் ஒரு சொல், வாரம் ஒரு படம் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் பன்னிரண்டு சொற்களும் 52 படங்களும் சேர்ந்துவிடும். கதவு, சாவி, கூஜா, இலை, குடை, செருப்பு, விளக்கு, பாய், மருதாணி, சாளரம், நிழல், மினாரா: இதோ ஓராண்டுக்கு உரிய பட்டியல். இவற்றுள் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை.

இங்கே ஓர் ஐயம் எழும். உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது குறித்து மார்க்க அறிஞர்கள் விளக்கங்கள் அளித்துள்ளனர். தாம் மதிக்கும் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து நடப்பதே அவரவர்க்கு முறை. ஆனால், அந்த ஒன்றைக் காரணம் காட்டிப் பிள்ளையின் கையிலிருந்து வரைகோலையே பறித்துவிடுவது தகுமா? அந்த எல்லைக்குள் நின்றே வரைவதற்கு எவ்வளவு பெரிய உலகம் இருக்கிறது!

இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனை அருங்காட்சியகத்தில் ஒரு நெடுஞ்சுருள் பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள அதில் 114 வடிவங்கள் உள்ளன. கட்டடக் கலைஞர்கள் சுவரிலும் குவிமாடத்திலும் அமைப்பதற்கு வகுத்த கோலங்கள் அவை. சுருங்கச் சொன்னால் அது தொழிலாளரின் ஓவிய ஏடு. கொர்தோவாவின் மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி, அறுவை மருத்துவக் கருவிகள் ஏறத்தாழ இருநூற்றைத் தம் நூலில் படமாகவே காட்டினார். கருவியை எழுத்தால் மட்டும் விளக்க முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். மொகலாய மன்னர் ஜஹாங்கீர் 1620இல் காஷ்மீரில் தங்கியபோது, அவருடைய ஓவியர் உஸ்தாத் மன்சூர் அங்கே தீட்டிய மலர்கள் நூறுக்கும் மேற்பட்டவை என்று மன்னரே தம் நினைவேட்டில் எழுதியுள்ளார். ஒரே தலைப்பு மலர், படங்களோ நூறு!

நெதர்லாந்து ஓவியர் எஷர், ஸ்பெயினின் அல்ஹம்ரா மாளிகைக்கு 1922இல் ஒருமுறையும் 1936இல் மறுமுறையும் சென்றார். இரண்டாம் முறை அவரும் மனைவியும் அங்கேயே நாட்கணக்கில் அமர்ந்து சுவர் ஓடுகளின் கோலங்களைத் தாளில் படியெடுத்தனர். அவர் பின்னாளில் படைத்த புகழ்மிக்க படைப்புகள் பலவற்றுக்கு அந்தப் பயிற்சியே ஊற்றாயிற்று. அவ்வளவு தொலைவு போவானேன்? தாமிரபரணிக் கரையின் கோரையைக் கொண்டு பத்தமடையில் நெய்யப்படும் பாய்களைப் பாருங்கள். நம் சமுதாயப் பெண்களின் விரல்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகக் கட்டமும் கோடும் வகுத்து வருகின்றன.

பிள்ளையிடம் ஒரு கவராயத்தைக் கொடுத்து ஒரு வட்டம் வரையச் செய்யுங்கள். அதன் அகலத்தை மாற்றாமல் ஊசிமுனையை வட்டத்தின் மேல் ஓரிடத்தில் ஊன்றி, வட்டத்தினுள் இக்கரையிலிருந்து அக்கரை வரை ஒரு வளைவை இழுக்கட்டும். வளைவு வட்டத்தைத் தொட்ட புள்ளியில் ஊசியை ஊன்றி அடுத்த வளைவு. இப்படியே சுற்றி வந்தால் ஆறாவது அடி புறப்பட்ட இடத்திலேயே வந்து சேரும். நடுவே ஆறிதழ்ப் பூவொன்று மலர்ந்திருக்கும். புள்ளிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோட்டால் இணைத்தால் இரு முக்கோணங்கள் பின்னி, ஆறுமுனை விண்மீன் தோன்றும். கணக்குப் பாடத்தை வெறுக்கும் பிள்ளையும் அந்த நேரத்தில் வியந்து நிற்கும்.

இனி, வரைந்ததைப் பகிர்ந்து கொள்ளும் முறை. இதில்தான் பல பிஞ்சுக் கைகள் முடங்கிப் போகின்றன. மாதக் கடைசி வெள்ளியன்று மக்ரிபுத் தொழுகைக்குப் பின் குடும்பத்தார் அனைவரும் ஏடுகளோடு கூடி அமருங்கள். "அக்காவைப் பார், எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறாள்!" என்ற சொல் அந்தச் சபையில் எழவே கூடாது. அக்காவுக்கு அது பாராட்டு. தம்பிக்கோ அத்துடன் ஏடு மூடிவிடும். மதிப்பெண்ணும் வேண்டாம், பரிசும் வேண்டாம். "இந்தக் கூஜாவில் நீ என்ன கண்டாய்?" என்று மட்டும் கேளுங்கள். "கைப்பிடி ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது" என்று பிள்ளை சொல்லும். அது யார் கை பட்டுத் தேய்ந்தது என்பதைப் பாட்டியார் சொல்லத் தொடங்குவார். ஒரு படத்தின் வழியே குடும்ப வரலாறு பிள்ளைகளுக்கு வந்து சேரும்.

கைப்பேசியில் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்புவதற்கு முன் ஒரு கணம் சிந்தியுங்கள். விருப்பக் குறிகளை எண்ணத் தொடங்கிய பிள்ளை பொருளைக் கூர்ந்து பார்ப்பதை விட்டுவிடும். எது கைதட்டல் பெறுமோ அதையே திரும்பத் திரும்ப வரையும். அனுப்பத்தான் வேண்டுமென்றால், அதன் இசைவைக் கேட்டு, பெயரும் பள்ளியும் தெரியாதவாறு உற்றாருக்கு மட்டும் அனுப்புங்கள்.

இறுதியாக, பெரியோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையை வரையச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்காதீர்கள். மணமாகி வந்த நாளோடு வரைகோலை வைத்துவிட்ட தாய்மார்கள் நம்மிடையே எத்தனை பேர்! மருதாணியால் உள்ளங்கையில் தோட்டமே விரித்த அந்த விரல்கள் இன்று மளிகைச் சிட்டை எழுதுவதோடு ஓய்ந்துவிட்டன. அவர்களுக்கும் ஓர் ஏடு வாங்குங்கள். தந்தையின் கோடு கோணலாகட்டும். கோணலாக வரைவது குற்றமன்று என்பதைப் பிள்ளை அதைப் பார்த்தே கற்றுக் கொள்ளும். ஒவ்வொரு படத்தின் கீழும் தேதியைக் குறித்து வையுங்கள். எதையும் கிழித்தெறிய வேண்டாம். ஆண்டு நிறைவில் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, வேறு எந்தப் பாராட்டும் தேவைப்படாது.

இம்மாதச் சொல்: கதவு. உங்கள் தெருவில் மட்டும் எத்தனை விதக் கதவுகள் இருக்கின்றன என்று இன்று அஸருக்குப் பின் பிள்ளையோடு நடந்து எண்ணிப் பாருங்கள். நாளை வரையத் தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.