பரணை ஒழித்தால் அடுப்பு மேடை காலியாகுமா?

சென்ற இதழில் பரண் ஒழிப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறையும் ஒழிப்பதைப் பற்றித்தான்; ஆனால் கம்ப்யூட்டரில் ஒழிப்பது. "உனக்கும் கம்ப்யூட்டருக்கும் என்னடி சம்பந்தம்?" என்று கேட்டுவிடாதீர்கள். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள்தான். பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாது பாருங்கள், அதற்காக.

சென்ற ஆண்டு ஆடி மாதம். என் பெண் பிளஸ் டூ முடித்து, பொறியியல் கலந்தாய்வுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். இப்போதெல்லாம் அதற்காக ஊர்விட்டு ஊர் போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்தபடியே எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று வரிசைப்படுத்திக் கம்ப்யூட்டரில் கொடுத்துவிடலாம். குறிப்பிட்ட நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், அவ்வளவுதான். இவளோ கடைசி நாள் வரைக்கும் ஒவ்வொரு கல்லூரியாக அலசிக்கொண்டிருந்தாள். ஹாஸ்டல் உண்டா, கட்டணம் எவ்வளவு, பஸ் வருமா... பார்த்து முடித்த பக்கத்தை மூடவும் மாட்டாள். "இருக்கட்டும்மா, அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்கணும்" என்பாள்.

கடைசி நாள் மதியம் இரண்டு மணிக்கு லேப்டாப் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் வருவதற்குள் ஒரு காபி கலந்துவிடலாம். உள்ளேயிருந்து கர்ர், கர்ர் என்று ஒரு சத்தம் வேறு. அணைத்துப் போட்டுப் பார்த்தாள். திறந்ததும் பழைய பக்கங்கள் எல்லாம் மறுபடியும் வரிசையாக வந்து நின்றன. பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. போனில் கொடுக்கலாமே என்றால், அந்தச் சின்னத் திரையில் அத்தனை கல்லூரிகளை மேலும் கீழும் நகர்த்தப் பயந்தாள்.

சாப்பாட்டுக்கு வந்திருந்த என் வீட்டுக்காரர், "மெமரி ஃபுல் ஆயிருக்கும். கண்ட போட்டோவையும் அடைச்சு வச்சிருக்கீங்களே, அதான்" என்று உட்கார்ந்துவிட்டார். நல்லது செய்வதாக நினைத்து, வீட்டுப் போட்டோக்கள் இருந்த ஃபோல்டரை அப்படியே அழித்தார். அதில் என் அம்மாவின் வீடியோ ஒன்று இருந்தது. அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. அதிரசத்துக்கு வெல்லப் பாகு வைக்கும்போது, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிக் காட்டி, "இந்தப் பதம்தாண்டி" என்று சொல்லும் வீடியோ. அம்மாவின் குரல் என்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

இத்தனையும் அழித்த பிறகாவது லேப்டாப் ஓடியதா? ஒரு துளி மாற்றமில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டார். "நாலு ஜிபி மெஷின் இனிமே தாங்காது சார். புதுசு வாங்கிடுங்க. 35,000 ரூபாய்க்கு நல்லதா வரும்" என்று பதில். சீட்டு எடுத்து ஹாஸ்டலுக்கென்று வைத்திருந்த 40,000 ரூபாய் பீரோவில் இருந்தது. இவர் பீரோவைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

அப்போதுதான் எதிர்வீட்டு மருமகள் ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பிரசவ லீவில் இருக்கிறாள். ஓடிப்போய்க் கூப்பிட்டேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்தாள். என்னிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினாள். ஒரு பட்டியல் வந்தது. மெமரி 96 சதவீதம் என்று காட்டியது. பட்டியலின் தலையில் உட்கார்ந்திருந்தது, இன்டர்நெட் பார்க்கும் பிரவுசர்.

"அக்கா, எத்தனை டேப் திறந்திருக்குன்னு பாருங்க" என்று எண்ணினாள். 43!

"அண்ணா, போட்டோவை எதுக்கு அழிச்சீங்க? அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே. நல்லவேளை, ரீசைக்கிள் பின்னைக் காலி பண்ணலை" என்று குப்பைத் தொட்டியைத் திறந்து, போட்டோக்களை எல்லாம் பழைய இடத்துக்கே திருப்பிப் போட்டாள். அவர் அதையும் காலி செய்யத்தான் போனாராம். கடைக்காரருக்குப் போன் பேசப் போனதில் மறந்துவிட்டாராம். எந்தப் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டேனோ!

பிறகு பெண்ணிடம், "எந்தெந்தக் காலேஜ் வேணுமோ, பேரையும் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதும்மா. எழுதினதும் அந்தப் பக்கத்தை மூடிடு" என்றாள். ஒவ்வொன்றாக மூட மூட, கர்ர் சத்தம் அடங்கியது. அரை மணியில் கலந்தாய்வுப் பக்கம் மட்டும் மிச்சம். மெமரி 60 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. நாலே கால் மணிக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது.

அன்று சாயந்திரம் காபி குடித்தபடி அவள் விளக்கியதை, நம் பாஷையில் சொல்கிறேன்.

'மெமரி' என்று ஒரே பெயரில் நாம் இரண்டு இடங்களைச் சொல்கிறோம். ஒன்று பரண், போட்டோ, வீடியோ எல்லாம் தூங்குகிற டிஸ்க். இன்னொன்று அடுப்பு மேடை; இப்போது நடக்கிற வேலைக்கு வேண்டியதை எடுத்துப் பரப்பிக்கொள்கிற இடம். அதற்கு ராம் என்று பெயர். கடைக்காரர் சொன்ன நாலு ஜிபி இந்த மேடைதான். அதில் ஏறக்குறைய பாதியை விண்டோஸே எடுத்துக்கொண்டுவிடும். மிச்ச இடத்தில்தான் நம் சமையல் நடக்க வேண்டும். பரணில் இருக்கும் பித்தளை அண்டாவைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டால் மேடையில் இடம் வருமா? எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். டிஸ்க் அடியோடு நிரம்பிவிட்டால் அதுவும் தொல்லைதான். எங்களுடையதில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது.

மேடை நிரம்பினால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? அப்போதைக்கு வேண்டாததைப் பரணில் ஏற்றும், வேண்டியபோது இறக்கும். கடுகு தாளிக்க ஏணி போட்டு ஏறி இறங்கினால் சமையல் எப்போது முடியும்? அந்தக் கர்ர் சத்தம், பழைய மாதிரி சுழலும் டிஸ்கில் நடக்கும் இந்த ஏற்ற இறக்கம்தான்.

சரி, ஒரு பக்கத்தைத் திறந்தால் அப்படி என்ன இடம் பிடிக்கும்? அப்பளத்தைப் பாருங்கள். டப்பாவில் நூறு அடங்கும். பொரித்தால் பத்துக்கே தாம்பாளம் வேண்டும். போட்டோவும் அப்படித்தான். 12 மெகாபிக்சல் போட்டோ ஒன்று பரணில் மூன்று, நாலு எம்பிக்குள் சுருண்டு கிடக்கும். அதை முழு அளவில் திரையில் விரிக்கும்போது 1.2 கோடி புள்ளிகள். புள்ளிக்கு நாலு பைட் வீதம் சுமார் 48 எம்பி. 1991-ல் உலகத்தில் முதன்முதலாக வந்த இணையப் பக்கத்தில் வெறும் எழுத்துதான் இருந்ததாம். இப்போது பக்கத்துக்குப் பக்கம் படம், தானாக ஓடும் வீடியோ, விளம்பரம். அதோடு கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் புரோகிராம்கள் வேறு.

இன்னொரு காரணமும் உண்டு. முன்பெல்லாம் பிரவுசர் கூட்டுக்குடும்பம் மாதிரி. எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே அடுப்பு. ஒரு பக்கம் கெட்டுப்போனால் மொத்தமும் அணைந்துவிடும். 2008 செப்டம்பரில் கூகுள் குரோம் வந்தபோது, பக்கங்களுக்குத் தனித்தனி அடுப்பு வைத்துக் கொடுத்தது. ஒன்று அணைந்தாலும் மற்றது எரியும், நல்ல ஏற்பாடுதான். ஆனால் தனிக்குடித்தனம் என்றால் தனித்தனியாக அம்மி, தனித்தனியாக குக்கர் வேண்டுமே! இடம் கூடத்தான் பிடிக்கும். 2018 ஜனவரியில், கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரில் ஸ்பெக்டர் என்ற ஓட்டை இருப்பது வெளியானது. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தின் ரகசியத்தை எட்டிப் பார்க்க வழி இருந்ததாம். அதனால் அந்த ஆண்டே குரோம் வெவ்வேறு தளங்களுக்கு நடுவே இன்னும் கெட்டியாகச் சுவர் வைத்தது. இதனால் மெமரி செலவு 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுளே சொன்னது. பேங்க் கணக்கைப் பார்க்கிற நமக்கு இந்தச் சுவர் அவசியம். ஆகவே பிரவுசரை வீண் செலவாளி என்று மட்டும் திட்டிவிட முடியாது.

அவள் சொன்ன இன்னொரு விஷயமும் நியாயமாகப் பட்டது. மேடை சும்மா கிடந்தால் யாருக்கு லாபம்? மெமரி 70, 80 சதவீதம் என்று காட்டினாலும் வேலை தடங்கலின்றி நடந்தால் கவலை வேண்டாம். நிரம்பி வழிந்து, மெஷினும் தடுமாறினால்தான் கவனிக்க வேண்டும்.

அப்படித் தடுமாறும்போது என்ன செய்யலாம்? என் நோட்டில் குறித்துக்கொண்டது இது:

1. திறந்திருக்கும் டேப்களை எண்ணுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்று வைத்திருப்பதை, கன்ட்ரோலும் D எழுத்தும் அழுத்திப் புக்மார்க்கில் சேர்த்துவிட்டு மூடுங்கள். தவறி மூடிவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், T மூன்றையும் அழுத்துங்கள், திரும்பி வரும். ஆனால் பாதி நிரப்பிய படிவம் அப்படியே வரும் என்று நம்பாதீர்கள். முதலில் சேமித்துவிட்டு மூடுங்கள்.

2. எந்தப் பக்கம் அதிகம் தின்கிறது என்று தெரிய வேண்டுமா? குரோமில் ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் ஒவ்வொரு பக்கத்தின் கணக்கும் வரும். எங்கள் வீட்டில் முதலிடம், என் பிள்ளை திறந்துவிட்டு மறந்துபோன கிரிக்கெட் பக்கத்துக்கு!

3. குரோம் செட்டிங்ஸில் பெர்ஃபாமன்ஸ் என்ற பகுதியில் மெமரி சேவர் இருக்கும். அதைப் போட்டு வைத்தால், கொஞ்ச நேரம் தொடாத பக்கங்களைத் தானே தூங்க வைக்கும். தொட்டால் எழுப்பிக் கொடுக்கும். எட்ஜ் பிரவுசரிலும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு.

4. எக்ஸ்டென்ஷன் என்று பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் சின்னச் சின்ன ஒட்டுகளைப் பாருங்கள். எங்களுடையதில் ஒன்பது இருந்தன. ஏழு எதற்கென்றே யாருக்கும் தெரியவில்லை. அவற்றையும் எடுத்தோம்.

5. பிரவுசர் திறந்ததும் பழைய டேப்கள் எல்லாம் வந்து நிற்காமல் இருக்க, ஆன் ஸ்டார்ட்அப் என்ற பகுதியில் புதிய டேப் மட்டும் வரும்படி மாற்றிவிடுங்கள். மூடிய பின்னும் பின்னால் ஓடிக்கொண்டிருக்க அனுமதிக்கும் பொத்தான் சிஸ்டம் பகுதியில் இருக்கும். அதையும் அணையுங்கள்.

6. மெமரியைச் சுத்தம் செய்கிறோம் என்று விளம்பரத்தில் வரும் புரோகிராம்களை ஏற்றாதீர்கள். அதுவும் மேடையில் வந்து உட்காரும் இன்னொரு பாத்திரம்தான்.

7. இத்தனைக்கும் பிறகு போதவில்லை என்றால், புதுசு வாங்குமுன் ராம் கூட்ட முடியுமா, எஸ்எஸ்டி டிஸ்க் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். சில லேப்டாப்பில் ராம் பலகையோடு ஒட்டியே வரும், அதில் முடியாது. கடைக்காரர் சொன்னதும் தலையை ஆட்டாமல், "திறந்து பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்பதில் தப்பில்லை.

எதையும் அழிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். முக்கியமான போட்டோக்களை ஒரு பென் டிரைவிலாவது இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். அம்மாவின் அதிரச வீடியோ இப்போது எங்களிடம் மூன்று இடத்தில் இருக்கிறது. தம்பிக்கும் ஒன்று அனுப்பிவிட்டேன்.

பெண் இப்போது ஹாஸ்டலில் இருக்கிறாள். பீரோவிலிருந்த பணம் அதற்கே போயிற்று. அந்த லேப்டாப்பையும் எடுத்துப் போயிருக்கிறாள். போன வாரம் போனில், "அம்மா, மெஷின் ஸ்லோவா இருக்கு" என்றாள். "எத்தனை டேப் திறந்து வச்சிருக்கே?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "முப்பத்தொண்ணு" என்றாள்.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் பருப்பு, தானியங்களில் வண்டு வராமல் காப்பது பற்றிப் பேசுவோம். அதுவரை உங்கள் வீட்டு மேடையைக் கொஞ்சம் பாருங்கள், இரண்டு மேடையையும்தான்!