கனவுக்கு முன்னால் ஒரு புரோநோட்டு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொகுப்பு நூலுக்காக மார்ட்டின் லூதர் கிங்கின் புகழ்பெற்ற உரையைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. பக்கங்கள் போதவில்லை என்றார் பதிப்பாசிரியர். "கனவு வருகிற பகுதியை மட்டும் கொடுங்கள். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் முன்னுரைதானே?" நானும் கனவை மட்டும் கொடுத்தேன். நூல் அச்சாகி வந்த பிறகுதான் முழு உரையையும் நிதானமாகப் படித்தேன். வழக்கை விட்டுவிட்டுத் தீர்ப்பை மட்டும் அச்சடித்திருந்தோம்.

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் முன் சுமார் இரண்டரை லட்சம் பேர் கூடியிருந்தார்கள். வேலைக்காகவும் விடுதலைக்காகவும் என்று அறிவிக்கப்பட்ட பேரணி அது. கிங் பேசியது சுமார் 17 நிமிடங்கள். கனவு பிற்பகுதியில்தான் வருகிறது. எழுதிக்கொண்டு வந்த தாளில் அது இல்லை. கனவைப் பற்றிச் சொல்லும்படி பாடகி மஹாலியா ஜாக்சன் குரல் கொடுத்தார் என்பார்கள். தாளில் இருந்தது ஒரு கடன் விவகாரம்.

கிங்கின் வாதம் இப்படிப் போகிறது. அமெரிக்காவை நிறுவியவர்கள் 1776இன் சுதந்திரப் பிரகடனத்தையும் பின்னர் அரசியல் சட்டத்தையும் எழுதியபோது ஒரு புரோநோட்டில் கையெழுத்திட்டார்கள். ஒவ்வொரு அமெரிக்கரும் அதற்கு வாரிசு. கறுப்பின மக்கள் விஷயத்தில் நாடு சொன்ன வாக்குப்படி பணம் கட்டவில்லை. அவர்களிடம் கொடுத்த செக், கணக்கில் பணமில்லை என்று திரும்பிவிட்டது. ஆனால் நீதியின் வங்கி திவாலாகிவிட்டது என்பதை நாங்கள் நம்பத் தயாரில்லை. வசூலிக்க வந்திருக்கிறோம்.

இந்த உவமைக்கு ஒரு பின்கதை உண்டு. கிங்கின் வழக்கறிஞரும் உரையைத் தயாரிப்பதில் உதவியவருமான கிளாரன்ஸ் ஜோன்ஸ் அதைப் பின்னாளில் எழுதினார். அந்த ஆண்டு பர்மிங்ஹாம் போராட்டத்தில் சிறை சென்றவர்களை ஜாமீனில் எடுக்கப் பணமில்லை. ராக்ஃபெல்லர் குடும்பம் உதவ முன்வந்தது. நியூயார்க்கில் ஒரு வங்கியின் பெட்டக அறையில் 1 லட்சம் டாலரைப் பெற்றுக்கொண்ட ஜோன்ஸ், புரோநோட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அந்தத் தாள்தான் உரைக்குள் வந்தது என்கிறார்.

இதை முதலில் 'உறுதிமொழிப் பத்திரம்' என்று எழுதிப் பார்த்தேன். அகராதிப்படி சரி. ஆனால் உறுதிமொழி என்றதும் பதவியேற்பு விழா ஞாபகத்துக்கு வருகிறது. அதைக் காட்டி யாரும் யார் வாசலிலும் போய் நிற்பதில்லை. 'புரோநோட்டு' என்று எழுதியதும் ரெவின்யூ ஸ்டாம்ப்பும் அதன் மேல் போட்ட கையெழுத்தும் கண்முன் வந்தன. பேசுபவரின் இடமே மாறிவிட்டது. அவர் மனுவோடு நிற்பவர் அல்ல, கடன்காரரின் கதவைத் தட்டுபவர்.

அந்த இடமாற்றம் கிங்குக்குத் தேவைப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் அலபாமாவின் வெள்ளையின மதகுருமார்கள் எட்டுப் பேர், இந்தப் போராட்டங்கள் காலப் பொருத்தமற்றவை என்று அறிக்கை விட்டிருந்தார்கள். உதவி கேட்பவரிடம் பொறு என்று சொல்லலாம். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வந்து 100 ஆண்டுகள் கழித்துப் பாக்கியைக் கேட்பவரிடம் எப்படிச் சொல்வது? செக் உவமையில் இன்னொரு கூர்மையும் இருக்கிறது. பணமில்லை என்பது வங்கி சொல்லும் காரணம். வங்கி நொடித்துப்போகவில்லை என்று கிங் மறுக்கும்போது, பிரச்சினை இல்லாமை அல்ல, கொடுக்க மனமில்லாமை என்றாகிறது.

வாதத்தில் பலவீனம் இல்லையா? இருக்கிறது. கையெழுத்திட்டவர்கள் கறுப்பர்களை மனதில் வைத்துத்தான் எழுதினார்களா? பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சன், தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். அந்தப் பிரகடனத்தின் சொற்களில் கறுப்பர்கள் அடங்க மாட்டார்கள் என்று 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. அடிமையாகப் பிறந்து தப்பிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ், 1852இல் சுதந்திர தின உரைக்கு அழைக்கப்பட்டபோது, இது உங்கள் பண்டிகை, எனதல்ல என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்.

கிங்குக்கு இந்த வரலாறு தெரியாததல்ல. அவர் எழுதியவர்களின் மனதைத் தோண்டவில்லை, தாளைப் பிடித்துக்கொண்டார். எல்லோருக்கும் என்று எழுதிக் கையெழுத்திட்டவர், சிலரை மட்டும்தான் நினைத்தேன் என்று பிறகு சொல்ல முடியாது. எதிராளிக்கு இரண்டே வழி: பாக்கியைக் கொடுக்க வேண்டும், அல்லது தேசத்தின் மூலப் பத்திரமே பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடனை வெட்டிவிட்டுக் கனவை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. தோலின் நிறத்தால் அல்லாமல் குணத்தால் மதிப்பிடப்படும் நாள் என்ற கனவை, 1985இல் தன் வானொலி உரையில் எடுத்தாண்டார் அதிபர் ரீகன், இன அடிப்படையிலான ஒதுக்கீட்டுக்கு எதிராக. நிறத்தைப் பார்க்கக் கூடாது என்றுதானே கிங் சொன்னார் என்ற வாதம் அன்றிலிருந்து ஓயவில்லை. கிங் சொன்னது ஒரு நாள் வரும் என்று. கணக்குத் தீர்ந்த பிறகுதான் நோட்டைக் கிழிப்பது வழக்கம்.

இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1959இல் கிங் இந்தியா வந்தபோது, கல்லூரியில் இடம் கொடுப்பதில் தீண்டாமைக்கு ஆளானவர்களுக்கு முன்னுரிமை தருவதைப் பற்றி நேரு விளக்கினார். இது பாரபட்சமாகாதா என்று கேட்டார் உடன் வந்த பேராசிரியர் லாரன்ஸ் ரெட்டிக். ஆகலாம், ஆனால் நூற்றாண்டுகளாக இழைத்த அநீதிக்கு நாங்கள் செய்யும் பிராயச்சித்தம் இது என்றார் நேரு. கிங்குக்குப் பிடித்துப்போய், 1964இல் வெளியான தன் நூலில் இதைப் பதிவு செய்தார்.

நல்ல பதில்தான். ஆனால் பிராயச்சித்தம் செய்தவரின் மனசாட்சியைப் பொறுத்தது. எப்போது, எவ்வளவு, எதுவரை என்பதை அவரே தீர்மானிக்கலாம். கடன் அப்படியல்ல. நாமோ பிராயச்சித்தத்திலிருந்தும் ஒரு படி இறங்கி, இட ஒதுக்கீட்டைச் 'சலுகை' என்றே எழுதிப் பழகிவிட்டோம். ஆங்கிலச் செய்திகளை அவசரமாகத் தமிழாக்கிய இரவுகளில் நானே எத்தனை முறை அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. கொடுப்பவரின் பெருந்தன்மை அதில் தெரிகிறது. பாக்கி தெரிவதில்லை.

அந்தத் தொகுப்பு மறுபதிப்பு வரப்போகிறது. புரோநோட்டையும் சேர்க்க வேண்டும் என்று பதிப்பாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். பக்கம் போதாவிட்டால் இந்த முறை கனவைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.