கழுவிய தரையில் ஏணி

வீட்டில் யாராவது ஏணியிலிருந்து விழுந்துவிட்டால் நம் வாயில் முதலில் வருவது, “பார்த்து ஏறக் கூடாதா?” என்பதுதான். விழுந்தவரும் அதை ஒப்புக்கொண்டு, தன் அவசரத்தையோ வயதையோ கெட்ட நேரத்தையோ காரணமாகச் சொல்வார். ஏணி நின்ற இடம் ஈரமாக இருந்ததா, அங்கே என்ன டைல்ஸ் பதித்திருக்கிறது, ஏணிக் காலில் ரப்பர் மிச்சம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. மாவுக்கட்டோடு அவர் வீட்டுக்கு வரும்போது அதே ஏணி அதே சுவரில் சாத்தியபடி இருக்கும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். விபத்துக் காயங்களால் நேரும் மரணங்களில் சாலைக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளின் மக்கள். ஆனாலும் சாலையில் விழுந்தால் வழக்கு உண்டு, காப்பீடு உண்டு, தலைக்கவசச் சட்டம் உண்டு. வீட்டுக்குள் விழுந்தால் அது உறவினர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து விசாரித்துப் போகும் குடும்பச் செய்தி. ஏறுபவர் முதல் படியில் கால் வைப்பதற்கு முன்பே இந்த விபத்தின் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது என்பது என் வாதம். தரையைத் தேர்ந்தெடுத்தவர், வேலையை எந்த வரிசையில் செய்வது என்று தீர்மானித்தவர், யார் ஏறுவது என்று சொன்னவர் ஆகிய மூவரையும் விட்டுவிட்டு, விழுந்தவரை மட்டும் நாம் விசாரிக்கிறோம்.

தரையிலிருந்து தொடங்கலாம். ஒரு தலைமுறைக்கு முன்பு பெரும்பாலான வீடுகளில் சிமென்ட் தரை. வசதி இருந்தால் மொசைக். இன்று சிறிய ஊர்களில்கூடப் புது வீடு என்றால் குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியில் வரும் விட்ரிஃபைட் டைல்ஸ்தான். அந்த ஓடு தன் எடையில் அரை சதவீதத் தண்ணீரைக்கூட உறிஞ்சுவதில்லை. கறை பிடிக்காததற்கு அதுவே காரணம். ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மெல்லிய படலமாக மேலேயே நிற்பதற்கும் அதுவே காரணம். சோப்புத் தூளோ பினாயிலோ கலந்துவிட்டால் படலம் இன்னும் வழவழப்பாகிறது. ஏணிக் காலின் ரப்பர் ஓட்டைத் தொடாமல் அந்தப் படலத்தின் மேல் உட்கார்கிறது. இதற்காகப் பழைய தரைகளின் புகழ் பாட வேண்டியதில்லை. எண்ணெய் தடவித் தேய்த்த சிவப்புக் காவித் தரையிலும் ஆத்தங்குடிக் கல்லிலும் தாராளமாக வழுக்கி விழலாம். ஆனால் அந்த வீடுகளில் ஏணி வைத்து ஏறும் இடம் பெரும்பாலும் முற்றமாகவோ கொல்லைப்புறமாகவோ இருந்தது. அங்கே காலடியில் இருந்தது கருங்கல் அல்லது மண்.

தரை எவ்வளவு வழுக்கும் என்பதை அளக்க முடியும். ஜெர்மானியத் தர முறை ஒன்றில், எண்ணெய் ஊற்றிய சாய்தளத்தில் ஆளை நடக்கவிட்டுச் சரிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். எந்தக் கோணத்தில் கால் வழுக்குகிறதோ அதைக்கொண்டு ஆர்9 முதல் ஆர்13 வரை தரம் பிரிப்பார்கள். ஆர்9 என்பது 6 முதல் 10 டிகிரிச் சரிவுவரை மட்டுமே தாங்கும் தரை. ஆர்11 என்றால் 19 டிகிரியைத் தாண்டியும் பிடிப்பு இருக்கும். டைல்ஸ் கடையில் நாம் விசாரிப்பது நிறம், பளபளப்பு, சதுர அடி விலை. குளியலறைக்கும் பால்கனிக்கும் மொட்டைமாடிக்குமாவது இந்த எண்ணைக் கேட்டு வாங்கும் பழக்கம் வந்தால், கடைக்காரரும் தெரிந்து வைத்துக்கொள்வார்.

அடுத்தது கணக்கு. சுவரில் சாத்தும் ஏணியைத் தரையோடு 75 டிகிரியில் வைக்கச் சொல்வார்கள். நாலு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு தள்ளிக் கால் வைத்தால் அந்தக் கோணம் வந்துவிடும். ஏன் 75? ஏணி வெளிப்பக்கம் சறுக்காமல் நிற்கத் தேவைப்படும் பிடிப்பு, ஆள் ஏற ஏறக் கூடிக்கொண்டே போகிறது. 75 டிகிரியில் உச்சியில் நிற்கும்போது உராய்வு எண் சுமார் 0.27 வேண்டும், பாதி உயரத்தில் அதில் பாதி போதும். அதே ஏணியைத் தள்ளி 60 டிகிரியில் சாய்த்துவிட்டால் உச்சியில் 0.58 தேவைப்படும், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். காய்ந்த தரையில் நல்ல ரப்பருக்கு இந்தப் பிடிப்பு கிடைத்துவிடும். ஈரத்தில் நடப்பவருக்கே ஆபத்து என்று, தரை வழுக்கலை அளக்கும் ஊசல் சோதனையில் வகைப்படுத்தப்படும் தரைகளின் எண், தோராயமாக 0.24க்கும் கீழே. அத்தகைய தரையில் 75 டிகிரி ஏணிகூட உச்சிக்குச் சற்றுக் கீழேயே எல்லையைத் தொட்டுவிடும். 60 டிகிரி ஏணியோ ஆள் பாதி உயரத்தை எட்டுமுன் காலை வாரிவிடும்.

இந்தக் கணக்கில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. கீழ்ப் படிகளில் ஏணி அசையாமல் நிற்கும். இரண்டு படி ஏறி, ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்து, “கெட்டியாத்தான் நிக்குது” என்று முடிவுசெய்துவிட்டுத்தான் நாம் எல்லோரும் மேலே போகிறோம். அந்தச் சோதனைக்கு மேல்படியைப் பற்றி எதுவும் தெரியாது. நிற்பதற்கும் சறுக்குவதற்கும் நடுவே நெளிவோ சத்தமோ பெரும்பாலும் இருப்பதில்லை. “நேத்துகூட இதே ஏணியிலதான் ஏறினேன்” என்பதிலும் பொருளில்லை. நேற்று தரை காய்ந்திருந்திருக்கும், அல்லது நேற்று ஏறிய வேலை தாழ்வான அலமாரிக்காக இருந்திருக்கும்.

ஆக, ஏறும் நேரத்தில் தரை காய்ந்திருக்க வேண்டும். மேலிருந்து கீழாகச் சுத்தம் செய்வது, அதாவது முதலில் ஒட்டடை, பிறகு பரண், மின்விசிறி, ஜன்னல், கடைசியில் தரை என்பது எல்லோருக்கும் தெரிந்த வரிசைதான். போகிக்கு முந்தைய வாரமோ தீபாவளிக்கு முந்தைய ஞாயிறோ வந்தால் அது குலைந்துவிடுகிறது. வேலைக்கு வருகிற அம்மா பத்து மணிக்கு அடுத்த வீட்டுக்குப் போயாக வேண்டும். பிள்ளைகளுக்கு லீவு ஒரே நாள். தண்ணீர் வரும் நேரம் குறிப்பிட்ட நேரம். எனவே ஒருவர் மேலே மின்விசிறியைத் துடைக்க, இன்னொருவர் கீழே கூடத்தைக் கழுவுகிறார். தனியாகச் செய்பவரும் தப்புவதில்லை. கையிலுள்ள ஈரத்துணியும் ஏணியில் தொங்கும் வாளியும் சொட்டுச் சொட்டாக ஏணியின் காலடியையே நனைக்கின்றன. துணியை வாளிக்குள்ளேயே ஒட்டப் பிழிந்து மேலே கொண்டுபோவதும், ஒவ்வொரு முறை இறங்கும்போதும் காலடியைக் காய்ந்த துணியால் துடைப்பதும், ஏணியை விலைகொடுத்து மாற்றுவதைவிட அதிகம் காப்பாற்றும்.

ஈரம் மட்டும்தான் எதிரி என்று நினைத்துவிடவும் கூடாது. பழைய சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் பூச்சு உதிரும் சுவரில் ஒட்டடை அடித்தால் மாவுபோலத் தூள் கொட்டும். பளபளப்பான ஓட்டில் அந்தத் தூள் சின்னச் சின்ன உருளைகளாக ரப்பருக்கும் தரைக்கும் இடையே புகுந்துகொள்கிறது. ஏணியை நகர்த்தி வைக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தைப் பெருக்கிவிட்டு வைக்க வேண்டும். மொட்டைமாடியில் வேறு கதை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை பெய்கிறது. மாடித் தரையில் பாசி பிடித்து முடிக்கும்போது ஜனவரியில் போகி வந்துவிடுகிறது. தண்ணீர்த் தொட்டி கழுவ அப்போதுதான் ஆளைக் கூப்பிடுகிறோம். மேலுக்குக் காய்ந்ததுபோலத் தெரியும் பாசி, தொட்டியிலிருந்து வழியும் முதல் வாளித் தண்ணீரிலேயே வழுக்கத் தொடங்கும். முதல் நாளே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிட்ட பிறகே அங்கே ஏணி போக வேண்டும்.

ஏணி வழுக்கினால் நம் வீடுகளில் உடனே செய்வது, காலடியில் ஒரு கால்மிதியையோ கோணியையோ மடித்துப் போடுவது. சொரசொரப்பான சிமென்ட் தரையில் கோணி ஓரளவு பிடித்திருக்கலாம். விட்ரிஃபைட் ஓட்டில் கால்மிதியே சறுக்கும், அதன்மேல் ஏணியும் போகும். “ஒருத்தர் பிடிச்சுக்கோங்க” என்பது இரண்டாவது வைத்தியம். பிரிட்டனின் பணிப் பாதுகாப்பு அமைப்பு இதைக் கடைசி வழி என்றே சொல்கிறது. காரணம் எளிது. பிடிப்பவரும் அதே ஈரத்தரையில், பெரும்பாலும் வெறுங்காலோடு நிற்கிறார். ஏணிக் கால் சுவரோரப் படியிலோ நகராத கட்டிலின் காலிலோ முட்டி நிற்கும்படி வைப்பதும், மேல்முனையை ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டுவதும் ஆளைவிட நம்பகமானவை.

நாலு காலில் விரியும் மடக்கு ஏணி இந்தச் சறுக்கல் கணக்கிலிருந்து பெருமளவு தப்பிக்கும், ஏனென்றால் எடை நேராகக் கீழே இறங்குகிறது. வீட்டுக்குள் இதுவே சரி. ஆனால் விரிக்க இடமில்லை என்று மடித்தபடியே சுவரில் சாத்தி ஏறுகிறோம். அப்போது அதன் ரப்பர் தட்டையாகத் தரையில் பதியாமல் விளிம்பால் மட்டும் தொடும். இருக்கிற கொஞ்சப் பிடிப்பும் போய்விடும். குளியலறையில் விரித்தாலும் தண்ணீர் போகும் வாட்டம் இருப்பதால் ஒரு கால் அந்தரத்தில் ஆடும். அங்கே ஆசிட் ஊற்றிச் சுவர் ஓட்டைத் தேய்க்க ஸ்டூலில் ஏறுவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. நீளக் கைப்பிடி பிரஷ் ஒன்று போதும், தரையில் நின்றபடியே முடித்துவிடலாம். பிளாஸ்டிக் நாற்காலியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிக் கட்டுரை ஆகிவிடும்.

இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும் என்பது எல்லா ஊர்க் கையேட்டிலும் உள்ள விதி. துடைக்கும் வேலையோ இரு கையையும் கேட்கும்: ஒன்றில் துணி, மற்றதில் மின்விசிறி இறக்கை. தொப்புள் ஏணியின் இரு கம்பங்களுக்கு நடுவிலிருந்து வெளியே போகாதபடி எட்டுவதும், மடக்கு ஏணியின் மேல் இரண்டு படிகளில் நிற்காமலிருப்பதும் இதற்கு ஓரளவு ஈடு. ஈரக்காலோடு வட்டக் கம்பிப் படியில் ஏறக் கூடாது. வீட்டுக்குள் செருப்பு போடுவதில்லை என்ற வழக்கத்தை மதிப்பவர்கள் இந்த ஒரு வேலைக்கு மட்டும் பிடிப்புள்ள ஒரு ஜோடியைத் தனியே வைத்துக்கொள்ளலாம். அலுமினிய ஏணி, ஈரக்கை, மின்விசிறி மூன்றும் சேரும்போது சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மெயினையே இறக்க வேண்டும்.

யார் ஏறுகிறார்கள்? நைட்டி நுனி காலில் தட்டத் தட்ட ஏறும் குடும்பத் தலைவி. “நான் பார்க்காத ஏணியா” என்று பிடிவாதம் பிடிக்கும், ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடும் தாத்தா. அவர்களையும்விட அதிகமாக, “அக்கா, அந்த ஃபேனையும் கொஞ்சம் துடைச்சிடுங்க” என்ற ஒரு வரியில் மேலே அனுப்பப்படும் வீட்டுப் பணியாளர். பாத்திரம் தேய்க்கவும் தரை துடைக்கவும் பேசிய சம்பளத்தில் உயரத்தில் ஏறுவது அடங்குமா என்று அவர் கேட்க முடியாது. கேட்டால் பொங்கல் இனாம் யோசனைக்கு உள்ளாகும். விழுந்து குதிகால் எலும்பு நொறுங்கினால் அவருக்குப் போவது ஒரு வீட்டு வேலையல்ல, நாலைந்து வீட்டு வேலை.

தரையில் வழுக்கும் பொருள் கிடக்கக் கூடாது, உயரத்தில் வேலை செய்பவர் விழாமலிருக்க ஏற்பாடு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவு பேசியது. அந்தப் பேச்சு தொழிற்சாலை வாசலோடு நின்றது. தமிழ்நாட்டில் 2007இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைந்தது. பதிவு செய்தவர்களுக்கு விபத்து நிவாரணம் உண்டு. அது விழுந்த பிறகு வருவது. பாதுகாப்பான வேலையிடம் வீட்டுப் பணியாளருக்கும் உரிமை என்று சொல்லும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் நிறைவேறியது. இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

வீட்டுக்குள் நடப்பதைச் சட்டம் எப்படிக் கண்காணிக்கும் என்பார்கள். சிங்கப்பூர் கண்காணித்தது. அடுக்குமாடி ஜன்னல்களை வெளிப்பக்கம் துடைக்கும்போது வெளிநாட்டுப் பணிப்பெண்கள் அடுத்தடுத்து விழுந்து இறந்ததும், 2012இல் அதன் மனிதவள அமைச்சு விதி கொண்டுவந்தது. ஜன்னல் கம்பிக்கதவு பூட்டியிருக்க வேண்டும், முதலாளியோ வேறொரு பெரியவரோ அருகில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேலையைக் கொடுக்கவே கூடாது.  பழி யார்மேல் விழும் என்பதை அந்த விதி மாற்றியது. விழுந்தவரின் அலட்சியம் என்றிருந்தது, ஏவியவரின் பொறுப்பு ஆயிற்று.

நம் ஊரில் அதைத் தொடங்க வசதியான இடம் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம். லிஃப்ட்டுக்கும் மோட்டாருக்கும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிற சங்கம், ஐரோப்பிய ஈஎன் 131 தரத்தில் 150 கிலோ தாங்கும் மடக்கு ஏணி ஒன்றை வாங்கிக் காவலாளி அறையில் வைக்கலாம். வீட்டுக்கு வீடு ரப்பர் தேய்ந்த ஏணி கிடப்பதைவிட அது சிக்கனமும்கூட. ஆயுத பூஜைக்கு முன் ஒரு முறை, போகிக்கு முன் ஒரு முறை அதன் ரப்பரையும் பூட்டுக் கம்பியையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதலாம். உயரத்து வேலைக்குத் தனிக் கூலி, காய்ந்த தரை, கூட ஒரு ஆள், மாட்டேன் என்று சொன்னால் வேலை போகாது என்ற நான்கையும் பணியாளர்களுக்கான விதியாக அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். தீர்மானம் நிறைவேற ஒரு பொதுக்குழுக் கூட்டம் போதும். பார்க்கிங் சண்டைக்கு நடுவில் பத்து நிமிடம் கிடைத்தால் முடிந்துவிடும்.