டீசல் பாயிண்டும் டிரைவர் வீட்டு டூரும்

லீவு விட்டாப் போதும், கார்டு பாயிண்டை வெச்சு ஊட்டி போனேன், மைல் சேர்த்து கோவா போனேன்னு நம்ம ஆளுங்க எழுத ஆரம்பிச்சுடறாங்க. நல்ல விஷயம்தான், குறை சொல்லலை. ஆனா அதெல்லாம் சென்னை, பெங்களூரு கணக்குங்க. சேலத்துக்காரன் மைல் சேர்க்க நினைச்சா என்ன ஆகும்? 2009-ல கிங்ஃபிஷர் வந்துச்சு, 2011-ல போயிடுச்சு. 2018-ல ட்ரூஜெட் வந்துச்சு, 2021-ல அதுவும் நின்னு போச்சு. மறுபடி விமானம் இறங்க 2023 அக்டோபர் வரைக்கும் காத்திருந்தோம். விமானமே விசுவாசமா இல்லாத ஊருல நாம எங்கிருந்து விசுவாசம் காட்டி மைல் சேர்க்கறது?

எங்க பக்கம் பாயிண்ட் சேர்ற இடமே வேற. டீசல்.

நாமக்கல் லாரி, டேங்கர், சங்ககிரி லாரி, திருச்செங்கோட்டு ரிக் வண்டி. இந்தியாவுல எந்த மூலை பங்க்ல நின்னாலும் இதுல ஒண்ணைப் பார்க்கலாம். டிரைவர் கையில கத்தை கத்தையா பணம் குடுத்து அனுப்பின காலம் மலையேறிடுச்சு. இந்தியன் ஆயிலுக்கு எக்ஸ்ட்ராபவர், பாரத் பெட்ரோலியத்துக்கு ஸ்மார்ட்ஃப்ளீட், ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்துக்கு டிரைவ்ட்ராக் பிளஸ்னு ஆளுக்கொரு கார்டு வெச்சிருக்காங்க. கார்டு வண்டியோட போகும். முதலாளி ஊருல உக்காந்துகிட்டே பணம் ஏத்தி விடுவார். எந்த வண்டி எந்த பங்க்ல எவ்வளவு அடிச்சதுன்னு அவருக்குத் தெரிஞ்சிடும். அடிக்க அடிக்க பாயிண்ட் ஏறும். அந்தப் பாயிண்டைக் குடுத்துத் திரும்ப எண்ணெயே போட்டுக்கலாம்.

எவ்வளவு தேறும்னு ஒரு கணக்குப் போடலாம் வாங்க (கணக்குன்னதும் ஓடிடாதீங்க, ரெண்டே வரிதான்). ஒரு வண்டி மாசம் எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடுது, லிட்டருக்கு நாலு குடுக்குதுன்னு வெச்சுக்கங்க. 2,000 லிட்டர். லிட்டர் 90 ரூபாய்னு போட்டா 1,80,000 ரூபாய். பாயிண்டோட மதிப்பு திட்டத்துக்குத் திட்டம் மாறும், நூறு ரூபாய்க்கு வெறும் முப்பது பைசான்னே வெச்சாலும் மாசம் 540. வருஷத்துக்கு 6,480. பத்து வண்டி வெச்சிருக்கறவருக்கு 64,800 ரூபாய்!

இதுல குடும்பத்தோட கார்ல மூணாறு போற முதலாளிங்க உண்டு. போற வழியெல்லாம் பாயிண்ட்லயே எண்ணெய். புத்திசாலித்தனம்தான், யாரும் தப்புன்னு சொல்ல முடியாது. டீசலுக்குக் காசு போட்டவர் அவர். கணக்கு அவர் பேர்ல. பாயிண்டும் அங்கதான் போய் விழும்.

ஆனா விசுவாசத்துக்குப் பரிசுன்னு சொல்றாங்களே, அந்த விசுவாசத்தைக் காட்டினது யாரு? அடுத்த கம்பெனி பங்க் பக்கத்துலயே இருந்தும், இன்னும் முப்பது கிலோமீட்டர் ஓட்டி, கார்டு செல்ற பங்க்கைத் தேடி, வரிசையில நின்னு அடிச்சவர் டிரைவருங்க. ராசிபுரம் பக்கத்து டிரைவர் ஒருத்தர்கிட்ட டீக்கடையில பேசிட்டிருந்தேன். "ஏனுங்ணா, நாக்பூர் தெரியும், கவுகாத்தி தெரியும்... புள்ளைங்களோட கொல்லிமலை மட்டும் இன்னும் போவலீங்க" அப்படீன்னார். கொல்லிமலை அவர் வீட்டு மொட்டை மாடியில இருந்து பார்த்தாலே தெரியும்!

பயணம் பண்றவனுக்கே சலுகை போய்ச் சேர்ற ஏற்பாடு இல்லாம இல்லை. நம்ம அரசு விரைவுப் பஸ்ஸையே எடுத்துக்கங்க. போக வர சேர்த்து முன்பதிவு பண்ணினா திரும்பற டிக்கெட்ல 10 சதவீதம் தள்ளுபடி. 2023 மே மாசம் இன்னொண்ணும் கொண்டு வந்தாங்க: ஒரே மாசத்துல அஞ்சு தடவைக்கு மேல முன்பதிவு பண்ணிப் போனா, ஆறாவது தடவையில இருந்து பாதிக் கட்டணம். கார்டு வேண்டாம், வருடச் சந்தா வேண்டாம். வாராவாரம் ஊருக்கு வர்ற பையனுக்கு இதைவிட என்ன வேணும்? ஆனா இதைப் பத்தி யாரும் ஒரு பதிவு போட மாட்டேங்கறோம். கிரெடிட் கார்டுக்கு மட்டும் பக்கம் பக்கமா எழுதறோம். அதுல ஒரு மாசம் முழுசாக் கட்டாம விட்டா வட்டி போட்டுத் தாளிச்சிடுவான், சேர்த்த பாயிண்டெல்லாம் அதுலயே கரைஞ்சிடும்.

ரயில்வேக்காரங்க 2025 தீபாவளிக்கு ஒரு திட்டம் போட்டாங்க. திரும்பற டிக்கெட்ல அடிப்படைக் கட்டணத்துல 20 சதவீதம் தள்ளுபடி. ஆஹான்னு பார்த்தா, அக்டோபர் 13-ல இருந்து 26-க்குள்ள போகணும், நவம்பர் 17-லயோ அதுக்கு அப்புறமோதான் திரும்பணும். எந்தப் பள்ளிக்கூடத்துல தீபாவளிக்கு மூணு வாரம் லீவு விடறாங்கன்னு தெரியலை :-)

சரி, விஷயத்துக்கு வர்றேன். லாரி முதலாளிங்ககிட்ட நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்லை. வண்டிக்கு வண்டி எவ்வளவு டீசல் அடிச்சதுன்னு கணக்கு தனித்தனியா உங்ககிட்டயே இருக்கு. அந்த வண்டியில சேர்ந்த பாயிண்ட்ல பாதியை, வருஷத்துக்கு ஒரு தடவை, அந்த வண்டி டிரைவர் குடும்பத்துக்கு ஒரு நாள் டூருக்குக் குடுங்க. மேல சொன்ன கணக்குப்படி 3,240 ரூபாய். பஸ்ல எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஆயிரத்துக்கு மேல படி இறங்கி ஆகாய கங்கையில குளிச்சு, மத்தியானம் நல்ல சோறு சாப்பிட்டு வந்தாலும், நாலு பேருக்கு மீதி இருக்கும். மேட்டூர்னா இன்னும் கம்மி. 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைங்கறதால, நாமக்கல் ஆஞ்சநேயர் கோயில்னா வீட்டுக்காரம்மா செலவே இல்லாம போயிட்டு வந்துடறாங்க. கூட வர வேண்டிய மனுசன்தான் ஊர்ல இல்லை.

அதனால பணத்தோட லீவும் சேர்த்துக் குடுக்கணும். அதுதான் பெரிய செலவுன்னு எனக்கும் தெரியுது. ஒரு நாள் வண்டி நின்னா தவணை நிக்காது, டோல்கேட், டயர், இன்சூரன்ஸ்னு ஒவ்வொண்ணும் கழுத்தைப் புடிக்குது, ரெண்டு வண்டி வெச்சிருக்கறவரும் அரை டிரைவர்தான். "பேட்டா குடுக்கறோம், இது வேறயா"ன்னு கேக்கறவங்களும் உண்டு. பேட்டா வழியில சாப்பிடறதுக்குங்க. புள்ளைங்களுக்கு இல்லை. ஆனா வண்டி எப்.சி.க்கு ஒர்க்ஷாப்ல நிக்கிற நாள்னு எப்படியும் வருது. அதுல ஒரு நாளை முன்கூட்டியே டிரைவர்கிட்ட சொல்லி வெச்சாப் போதும்.

ஏழு வண்டி வெச்சிருக்கற தெரிஞ்சவர் ஒருத்தர் ரெண்டு வருஷமா இதைத்தான் பண்றார். ஆடிப் பதினெட்டுக்கு முன்னாடி பாயிண்டை எண்ணெயா மாத்தி, ஒரு வேனுக்குப் போட்டு, ஊர்ல இருக்கற டிரைவர் குடும்பமெல்லாம் சேர்த்து மேட்டூருக்கு அனுப்பி விட்டுடறார். வேனை ஓட்ட மட்டும் வெளியில இருந்து ஆள் போடறாராம். "அன்னைக்காவது அவங்க சீட்ல உக்காந்து வேடிக்கை பார்க்கட்டும்"ங்கறார்.