இல்லம் யாருக்கு உரியது?

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் அடைக்கலக் காதை என்றொரு பகுதி உண்டு. புகார் நகரத்தின் மாடமாளிகையில் வாழ்ந்த கோவலனும் கண்ணகியும் கைப்பொருள் இழந்து மதுரையின் புறஞ்சேரிக்கு வந்து சேர்கின்றனர். உடன் வந்த கவுந்தியடிகள் சமணத் துறவி. அவர் கண்ணகியை ஆயர்குல முதுமகளாகிய மாதரியின் கையில் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி தன் மனையை அடுத்த சிறுமனை ஒன்றை அவர்களுக்கென ஒதுக்கித் தருகிறாள். முன்பணம் கேட்கப்படவில்லை, வாடகை பேசப்படவில்லை. கொடுத்தவள் ஒரு சமயத்தாள், கொடுக்கச் சொன்னவர் வேறு சமயத்தார். புதியதோர் ஊருக்குப் பிழைப்புத் தேடி வருவோர்க்கு முதலில் வேண்டியது ஒரு கூரை என்பதை இளங்கோவடிகள் நன்கறிந்திருந்தார்.

இன்றைய மாநகரங்களில் மாதரியைத் தேடிக் கண்டுபிடித்தல் அரிது. வாழ்நாள் சேமிப்பையெல்லாம் கொட்டி வீடு கட்டிய ஒருவர், 'என் வீடு, என் உரிமை' என்கிறார். இருபது ஆண்டுகள் அவ்வீட்டில் குடியிருந்து பிள்ளைகளை வளர்த்தவர், 'என்னை எங்கே போகச் சொல்கிறீர்கள்?' என்று வினவுகிறார். இருவருக்கும் நடுவே சட்டப் புத்தகத்துடன் அரசு வந்து நிற்கிறது. ஒருவரின் வீட்டின்மீது அரசுக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு? வாடகையை வரையறுக்கலாமா? வெளியேற்றத்தைத் தடுக்கலாமா? வீட்டையே எடுத்துக்கொள்ளலாமா? இவ்வினாக்கள் வழக்குரைஞர்களுக்கு மட்டும் உரியன அல்ல. வாடகை வீட்டில் வாழும் ஆசிரியருக்கும், அறை தேடி அலையும் மாணவருக்கும், பள்ளிவாசல் சொத்துகளைப் பேணும் ஜமாஅத் பெரியோர்களுக்கும் இவை உரியன.

மும்பை தரும் பாடம்

இவ்வழக்கின் முழு வடிவையும் காண விரும்புவோர் மும்பையை நோக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்நகரில் வீட்டுப் பஞ்சம் தலைதூக்கியது. 1940ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளில் எவ்வளவு வாடகை இருந்ததோ அதுவே நியாய அளவு என்னும் நெறி 1947ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தில் நிலைபெற்றது. தற்காலிக ஏற்பாடாகப் பிறந்த அச்சட்டம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு அரை நூற்றாண்டு வாழ்ந்தது. விலைவாசி பன்மடங்கு உயர்ந்தும், பழைய கட்டடங்களின் வாடகை போர்க்கால அளவிலேயே உறைந்து கிடந்தது.

அதனால் விளைந்தது என்ன? குடியிருப்போர் தெருவுக்குத் துரத்தப்படாமல் காக்கப்பட்டனர். அது சிறிய நன்மையன்று. ஆனால் வரும் வாடகை ஒரு வாளிச் சுண்ணாம்புக்கும் போதாத நிலையில் உரிமையாளர் பழுதுபார்ப்பதைக் கைவிட்டார். மழைக்காலம் தோறும் சுவர்கள் ஊறின, விட்டங்கள் இற்றன. ஈற்றில் அரசே முன்வந்து, 1969இல் ஒரு சட்டம் இயற்றி, கட்டடங்களிடமிருந்து தனிவரி தண்டி, வாரியம் அமைத்துப் பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. அவ்வாறு பட்டியலில் சேர்ந்த கட்டடங்கள் ஏறத்தாழ 19,600.

1986இல் அரசு மேலும் ஓர் அடி எடுத்து வைத்தது. பழுதுற்ற கட்டடத்தில் குடியிருப்போரில் நூற்றுக்கு எழுபதின்மர் இசைந்து விண்ணப்பித்தால், அரசு அக்கட்டடத்தைக் கையகப்படுத்தி அவர்களின் கூட்டுறவுச் சங்கத்திற்கு மாற்றித் தரலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. உரிமையாளருக்குரிய ஈடு, மாத வாடகையின் நூறு மடங்கு. மாதம் ஐம்பது ரூபாய் வாடகை வரும் ஒரு குடியிருப்புக்கு ஐயாயிரம் ரூபாய்! முதலில் வாடகையை உறையச் செய்து, பின்னர் அவ்வுறைந்த வாடகையையே அளவுகோலாக்கி ஈட்டைக் கணக்கிட்டது அம்முறை. உரிமையாளர் சங்கம் நீதிமன்றத்தை நாடியது. 1992இல் உச்ச நீதிமன்றத்தை அடைந்த வழக்கில், அரசியலமைப்பின் 39ஆம் உறுப்புப் பற்றிய அடிப்படை வினாவுக்கு ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் விடையளித்தது. தனியாருக்குரிய ஒவ்வொரு பொருளும் 'சமுதாயத்தின் பொருள்வளம்' ஆகிவிடாது. ஆயினும் பொருளின் இயல்பு, அதன் அருமை, சிலர் கையில் அது குவிந்திருத்தல், சமுதாய நலன்மேல் அதன் தாக்கம் ஆகியவற்றை நோக்கிச் சில பொருள்கள் அவ்வாறு ஆதலும் கூடும் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து. முழு உரிமை என்றும் கூறவில்லை. முழு ஆட்சி என்றும் கூறவில்லை.

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், மும்பையில் நம் சமுதாய மக்கள் செறிந்து வாழும் பெண்டி பஜார்ப் பகுதியில் நூறாண்டு கடந்த கட்டடம் ஒன்று இடிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்துயருக்கு ஒரே காரணத்தைச் சுட்டுதல் நேர்மையாகாது. எனினும் வருவாயற்ற கட்டடத்தைப் பேணுவார் யார் என்னும் வினா அவ்விடிபாடுகளுக்கு அடியிலும் கிடந்தது. வாடகைக்காரரைக் காக்க எழுந்த சட்டம் அவர் தலைமேலிருந்த கூரையைக் காக்கவில்லை. ஏழைக்குச் செய்ய வேண்டிய உதவியை அரசு தன் கருவூலத்திலிருந்து செய்யாமல் தனியொருவரின் பையிலிருந்து செய்ய முற்பட்டதே இதன் அடிப்படைப் பிழை என்பது என் கருத்து.

நம் மாநிலத்தில்

தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டுச் சட்டம் மும்பைச் சட்டத்தைப் போல் வாடகையை ஒரு நாளில் கட்டி வைக்கவில்லை. நிலம், கட்டடம் ஆகியவற்றின் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்பது என்ற வீதத்தில் குடியிருப்பு வீடுகளுக்கும், பன்னிரண்டு என்ற வீதத்தில் ஏனைய கட்டடங்களுக்கும் நியாய வாடகை கேட்க வழி இருந்தது. ஆயினும் அதற்கு நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. மறுபுறம், முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் கூடாது என்று அதே சட்டம் கூறிற்று. சென்னையில் வீடு தேடிய எவரும் இதைக் கேட்டால் நகைப்பர். பத்து மாத முன்பணமே அந்நகரின் எழுதாச் சட்டமாக இருந்தது. ஏட்டிலிருந்த சட்டத்தை உரிமையாளர் ஒருபுறமும் வாடகைக்காரர் ஒருபுறமும் வளைத்துக்கொண்டனர்.

2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் பழையதை நீக்கியது. அதன் பெயரிலேயே 'உரிமைகள், பொறுப்புகள்' என்னும் இரு சொற்களும் இணைந்து நிற்கின்றன. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து பதிவு செய்யப்பட வேண்டும். குடியிருப்பவருக்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்து அவரைத் துரத்துதல் கூடாது. இவை வரவேற்கத் தக்கவை. ஆனால் வாடகை எவ்வளவு என்பது முழுவதும் இருவர் உடன்பாட்டுக்கு விடப்பட்டுள்ளது. முன்பணத்திற்கு மூன்று மாத வரம்பு சொல்லப்பட்டாலும், வேறு உடன்பாடு இருந்தால் அவ்வரம்பும் விலகிவிடும். நான்கு வீடுகளுக்கு உரியவரும், நாளை இரவு தங்க இடமில்லாதவரும் எதிரெதிரே அமர்ந்து செய்யும் உடன்பாட்டில் சமநிலை எங்ஙனம் அமையும்? முன்னர் உரிமையாளர் தோளில் ஏற்றிய சுமையை, இப்போது குடியிருப்பவர் தோளுக்கு மாற்றியுள்ளோம். இரு காலத்திலும் அரசின் தோள் வெறுமையாகவே இருக்கிறது.

மதீனா காட்டும் நெறி

இவ்விடத்தில் இஸ்லாமிய வரலாற்றின் இரு நிகழ்ச்சிகளை நினைவுகூர்தல் பொருந்தும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா நகர் சேர்ந்தபோது, பள்ளிவாசல் அமைக்கத் தேர்ந்த நிலம் அநாதைச் சிறுவர் இருவருக்கு உரியதாக இருந்தது. அவர்கள் விலையின்றித் தர முன்வந்தும், பெருமானார் அதை ஏற்காமல் விலை கொடுத்தே பெற்றார்கள். பொதுநலனிலும் உயர்ந்த பொதுநலன் இறையில்லம். விற்பவரோ எதிர்த்துப் பேச வலிமையற்ற சிறுவர். ஆயினும் உரிய விலை கொடுக்கப்பட்டது.

மற்றொன்று, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தது. அப்பள்ளிவாசலை விரிவாக்க அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு தேவைப்பட்டது. அப்பாஸ் மறுத்தார். ஆட்சித் தலைவர் தம் படையை அனுப்பவில்லை. நடுவர் ஒருவர்முன் இருவரும் சென்றனர். உரிமையாளரின் இசைவின்றி வீட்டை எடுத்தலாகாது என்று உபை இப்னு கஅப் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்புத் தமக்குச் சார்பான பின்னர், அப்பாஸ் அவர்கள் அவ்வீட்டைத் தாமே மனமுவந்து பொதுவுக்கு வழங்கினார்கள் என்று வரலாற்று நூல்கள் பதிந்துள்ளன.

இந்நிகழ்ச்சியின் இரு பகுதிகளையும் பிரிக்காமல் நோக்க வேண்டும். முதற்பகுதி ஆட்சியாளருக்கு: உரிமையை மதித்திடுக, எடுப்பதாயின் விலை கொடுத்திடுக. இரண்டாம் பகுதி உரிமையாளருக்கு: உன் உரிமை உறுதியாகிவிட்டது, இனி உன் பொறுப்பை எண்ணிப் பார். நாம் பெரும்பாலும் நமக்கு ஏற்ற பகுதியை மட்டும் எடுத்தோதி மற்றதை மறந்துவிடுகிறோம். சொத்து இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று மேடையில் பேசுகிறோம்; வாடகைச் சீட்டு எழுதும்போது அச்சொல் நினைவுக்கு வருவதில்லை.

நம் கையில் உள்ளது

சட்டம் தொடாத ஓரிடம் உண்டு. ஒருவர் வீட்டினுள் குடியேறிய பின்னரே சட்டம் அவரை அறிகிறது. வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவரை அது அறிவதில்லை. ஆய்வு மாணவனாக இருந்த நாளில் நானும் ஒரு நகரில் அறை தேடி அலைந்தேன். வாடகை பேசி முடித்து, சாவியை எடுக்க உள்ளே சென்ற பெரியவர் திரும்பி வந்து என் பெயரைக் கேட்டார். பெயரைச் சொன்னதும் அவ்வறை வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டதாக அவருக்கு நினைவு வந்தது. அம்முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை. ஆனால் நம் தெருக்களில் 'நம்மவர்க்கு மட்டும்' என்று நாம் சொல்லும் வீடுகளின் வாயிலில் எத்தனை முகங்கள் அவ்வாறே வாடித் திரும்பியிருக்கும் என்பதையும் எண்ண வேண்டும் அல்லவா? நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரில், அரசு வீடமைப்புக் கழகம் 1960 முதல் வீடுகளைக் கட்டிவருகிறது. மக்களில் நூற்றுக்கு எண்பது பேர்வரை அவற்றில் வாழ்கின்றனர். 1989 முதல் ஒவ்வொரு குடியிருப்புத் தொகுதியிலும் எல்லா இனத்தாரும் கலந்து வாழும்படி விகிதம் வகுத்துள்ளனர். அதற்காக நிலமிழந்தோர் நெடுங்காலம் குறைந்த ஈடே பெற்றனர் என்பதும் உண்மை. ஆயினும் அரசு தானே கட்டும் வல்லமை பெற்றால், தனியார் வீட்டின்மீது கைவைக்கும் தேவை பெரிதும் குறையும் என்பதை அந்நாடு காட்டுகிறது.

அரசு செய்வது ஒருபுறம் இருக்கட்டும். நம் வக்ஃபு சொத்துகளைப் பார்ப்போம். சமய அறநிலையங்களுக்கும் பொது அறக்கட்டளைகளுக்கும் உரிய கட்டடங்களுக்கு 1976ஆம் ஆண்டிலேயே வாடகைச் சட்டத்திலிருந்து தமிழக அரசு விலக்களித்தது. 1985இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆகவே பள்ளிவாசல் கடைக்குச் சொற்ப வாடகை வருவதற்குச் சட்டத்தின்மேல் பழிபோட நமக்கு வழியில்லை. செல்வாக்குள்ளவர் பாட்டனார் காலத்து வாடகையில் கடையை வைத்துக்கொண்டு, அதையே பன்மடங்குக்கு உள்வாடகைக்கு விடுவது நாம் அறியாததா? அதே பள்ளிவாசலின் பின்புறச் சிறுவீட்டில் வாழும் விதவைத் தாய்க்கு மட்டும் வாடகையை உயர்த்தத் தீர்மானம் நிறைவேறுவதும் உண்டு. வக்ஃபு செய்தவர் எண்ணியது இதுவா?

செய்ய வேண்டியது எளிது. கடைக்கும் வணிகக் கட்டடத்திற்கும் ஊர் நிலவரப்படி வாடகை பெறுக. அவ்வருவாயில் ஒரு பகுதியைக் கொண்டு, இயலாதோர்க்குக் குறைந்த வாடகையில் வீடுகளைப் பேணுக. எவ்வீடு எவருக்கு, எவ்வளவு வாடகைக்கு என்ற கணக்கை ஆண்டுதோறும் பள்ளிவாசல் பலகையில் எழுதி ஒட்டுக. கல்விக்காக ஊர்விட்டு வரும் மாணவர்க்குச் சமயம் கேளாது சில அறைகளை ஒதுக்குக. அரசுக்கு அறிவுரை கூறும் தகுதி அதன் பின்னரே நமக்கு வரும்.

வீட்டின் சுவர் உரிமையாளருக்கு உரியது. அதை அரசு விலையின்றிப் பறித்தல் அநீதி. அச்சுவர்களுக்குள் நடக்கும் வாழ்க்கை குடியிருப்பவருக்கு உரியது. அதை ஒரு மாத அறிவிப்பில் கலைத்தல் அதனினும் அநீதி. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள செலவை ஏற்பதே அரசின் வேலை. மாணவக் கண்மணிகளே, நாளை நீங்களும் ஒரு நகரில் கதவைத் தட்டுவீர்கள். அதன் பின் ஒரு நாள், உங்கள் கதவையும் ஒருவர் தட்டுவார். அப்போது அவர் பெயரைக் கேட்குமுன் மாதரியை நினைத்துக்கொள்ளுங்கள்.